வட்டு மறையும் ஆழம்

விடிவதற்கு முன்னால் அளந்துவிட வேண்டும்.
பகலெல்லாம் நீருக்கு மூச்சுக் கொடுக்கும் பாசி
இருட்டியதும்
கொடுத்ததைத் திரும்பக் கேட்கும், வட்டியோடு.
ஐந்தரைக்கு ஆக்சிஜன் இரண்டுக்குக் கீழே போனால்
ஆறரைக்குத் திலாப்பியா மேலே வந்து வாய் பிளக்கும்.
ஏழு மணிக்கு யாராவது படமெடுத்து அனுப்புவார்கள்.
எட்டுக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு.

ஆகவே ஐந்தரை.
படகில் நானும் ஹயாத்தியும்
ஒரு ஐஸ் பெட்டியும், பன்னிரண்டு பழுப்புப் போத்தல்களும்,
அவள் மகன் மறந்துவிட்டுப் போன குடையும்.
ஜூரோங் ஈஸ்ட் பக்கம் முதல் ரயில் வளைந்தபோது
அதன் ஜன்னல் வெளிச்சம் நீருக்குள் விழவில்லை.
மேலே கிடந்த பச்சைத் தோலில்
வழுக்கிக்கொண்டே போனது.

இரண்டு புள்ளி நான்கு.
இன்றைக்குப் பிழைத்தோம்.

நேற்று மாலை பாலத்தில் ஒரு மணப்பெண்
வெள்ளைக் கவுனை முழங்கால்வரை தூக்கிப் பிடித்து நின்றாள்.
'தண்ணிக் கலர் பிரமாதம்' என்றார் படம் பிடித்தவர்.
கையிலிருந்த மாதிரிப் போத்தலை
முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்,
ஏனென்று தெரியவில்லை.

வட்டுக்கு வெளிச்சம் வேண்டும்.
வெயில் ஏறும்வரை படகுத்துறையில் உட்கார்ந்து
பையில் கட்டி வாங்கிய கோப்பி ஓ.
சாப்பாட்டுத் தட்டளவு வட்டு அது.
கால் பங்கு கறுப்பு, கால் பங்கு வெள்ளை,
மறுபடியும் கறுப்பு, மறுபடியும் வெள்ளை.
கயிற்றில் கட்டி இறக்க வேண்டும்.
மறையும் இடத்தில் ஒரு குறிப்பு.
மெல்ல இழுத்து, திரும்பத் தெரியும் இடத்தில் இன்னொன்று.
இரண்டையும் கூட்டிப் பாதி.
காணாமல் போனதும் கண்டெடுத்ததும் கலந்த
அந்தப் பாதிக்குத்தான்
தெளிவு என்று பெயர்.

ஒன்பது வருஷமாக ஹயாத்தி பார்ப்பாள்,
நான் எழுதுவேன்.
மார்ச்சில் ஐம்பத்தைந்து.
மே மாதம் நாற்பத்தெட்டு.
ஜூலையில் நாற்பது.
வரைபடக் கோடு சறுக்குமரத்தில் இறங்குவதுபோல் இறங்க,
எங்கிருந்து வருகிறது இவ்வளவு சத்து என்று
மேலிடம் கேட்டது.
கால்வாய், புல்தரை உரம்,
மீனுக்கு ரொட்டி பிய்த்துப் போடும் புளோக் 214 தாத்தா,
விசாக தினத்தில் யாரோ விட்டுப்போன ஆமைகள்,
எல்லோரையும் சந்தேகித்தோம்.
ஆய்வகத்தின் பச்சைய எண் மட்டும்
மார்ச்சில் நின்ற இடத்திலேயே நின்றது.

இன்று காற்று இல்லை.
'நாற்பது. எழுது, அரசு.'
சும்மாதான் எட்டிப் பார்த்தேன்.
வட்டு தெரிந்தது.
வெள்ளைக் கால் பங்கில் ஒட்டியிருந்த
நத்தைக் குஞ்சுகூடத் தெரிந்தது.

'இன்னும் இறக்கு' என்றேன்.
'போச்சே' என்றாள்.
'இல்லை' என்றேன்.

கயிறு அவள் விரல்களில் நின்றுவிட்டது.
அக்கரையில் நீர்நாய் ஒன்று
மீனின் தலையிலிருந்து தின்னத் தொடங்கியது.
முழு மீனும் தீரும்வரை
நாங்கள் பேசவில்லை.

'ராத்திரியில கார் விளக்கெல்லாம்
பூப்பூவா விரியுது' என்றாள் பிறகு.
'ஏரிதான் கலங்குதுன்னு நினைச்சேன்.'

எங்கள் குறிப்பேட்டில் எதையும் அழிக்கக் கூடாது.
தவறை ஒற்றைக் கோட்டால் அடிக்கலாம்,
அடியில் இருப்பது படிக்கக் கிடைக்க வேண்டும்.
பேனாவை வாங்கி
இன்றைய நாற்பதை ஒற்றைக் கோட்டால் அடித்தாள்.
மார்ச்சுக்குப் பிந்தைய வரிசைகளுக்கு எதிரே,
ஓரத்தில், சின்ன எழுத்தில்:
கண். ஏரி அல்ல.

அப்புறம் ஒன்பதாம் போத்தலைத் திறந்து மோந்தாள்.
'மண் வாடை. வெள்ளிக்கிழமைக்குள்ள
காற்று பம்ப் ஓடணும், சொல்லிடு.'
கருவி அதுவரை வாயைத் திறக்கவில்லை.

நான் குனிந்தேன். அவள் கயிறு விட்டாள்.
ஐம்பத்தெட்டில் போனது.
ஐம்பத்திரண்டில் வந்தது.
நான் மனசுக்குள் கூட்டிக்கொண்டிருக்கும்போதே
'ஐம்பத்தைந்து' என்றாள்,
தண்ணீரைப் பார்க்காமல்.