ஜூலை மாத அறிக்கை

ஐயா,
சேரம்பாடியிலிருந்து எப்சிபா எழுதுவது.
படிவம் நனைந்துவிட்டது.
மை ஊறிப்போன இடங்களில்
நான் என்ன சொல்லியிருப்பேன் என்று
நீங்களே ஊகித்துக்கொள்ளவும்.

வீடு சந்திப்பு: முப்பத்தெட்டு.
கதவு திறந்தது இருபத்தொன்று.
திறந்துவிட்டு, என்னைக் கண்டு மூடியவை
இதில் சேர்த்தியா என்று தெரியவில்லை.

துண்டுப் பிரதிகள் ஈரத்தில் ஒட்டி
ஒரே கட்டியாகிவிட்டன.
நாலாம் லைன் பிள்ளைகள் கப்பல் விடக் கேட்டார்கள்,
கொடுத்துவிட்டேன்.
விநியோகம் என்று போட்டிருக்கிறேன்.

ஜெபக்கூட்டம்: நான்கு.
வருகை ஏழு, ஐந்து, ஏழு.
கடைசி வாரம் நானும் தாசையன் வீட்டு நாயும்.
யானை இறங்கியிருந்தது, யாரைக் குறை சொல்ல?
முறைமை தவறாமல் நடத்தினேன்.
பாவ அறிக்கை வந்தபோது
நாய் எழுந்து போய்விட்டது.

ஞானஸ்நானம் என்ற கட்டத்தில்
ஒன்பதாவது மாதமாகச் சுழி.
கை பழகிவிட்டது, ஐயா,
வர வர நல்ல வட்டமாக வருகிறது.

பாடுகள் ஏதேனும் உண்டா என்று
கடைசியில் ஒரு வரி விட்டிருக்கிறீர்கள்.
அப்போஸ்தலர்களுக்குக் கடல் இருந்தது,
கசையடியும் காவற்கிடங்கும் இருந்தன.
நான் கடல் பார்த்ததில்லை.
என்மேல் யாரும் கல்லெறியவில்லை.
டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர்
'சம்பளத்துக்குச் சாமி கும்பிடுறவ வர்றா' என்றார்.
சம்பளம் கண்டு நாலு மாதம் என்று
அவரிடம் சொல்ல வெட்கமாயிருந்தது.
மற்றபடி அட்டை.
விரலிடுக்கில் சேற்றுப்புண்.
ராத்திரி தகரத்தின்மேல் மழை அடிக்கும்போது
வாய்விட்டு ஜெபித்தாலும்
என் குரல் எனக்கே கேட்பதில்லை.
உமக்காவது கேட்கிறதா என்றேன்,
உங்களையல்ல ஐயா, மேலே.
அங்கிருந்தும் மழைதான்.

இனி எழுதுவதற்குப் படிவத்தில் இடமில்லை,
பின்பக்கம் திருப்பவும்.

பதினேழாம் தேதி விடியலில்
பால் வாங்கப் போன சிவநேசனை யானை மிதித்தது.
செல்லாயியின் ஒரே பையன். நம் சபை இல்லை.
மூன்றாம் நாள் அவள் கூடையோடு மலையேறிவிட்டாள்,
பேர் போடாவிட்டால் அரிசி இல்லை.
நான் ஒரு வசனத்தைத் தேடி எடுத்து
வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.
அவள் விரல்கள் கொழுந்தைத் தொட்டு
பறிக்காமல் அப்படியே நின்றிருந்தன.
என்னைப் பார்த்து,
'பேச்சு வேணாம் டீச்சர்' என்றாள்.

புத்தகத்தைப் பாலிதீனில் சுற்றி
வேலியோரம் ஒரு கல்லின்மேல் வைத்தேன்.
என் அம்மாவும் கொழுந்து பறித்தவள்தான்.
ரெண்டு இலை, ஒரு மொட்டு.
இருபது வருஷமாகியும்
விரல்களுக்கு மறந்திருக்கவில்லை.
மேஸ்திரி பார்த்தார், காறித் துப்பிவிட்டு
அடுத்த நிரைக்குப் போய்விட்டார்.
சாயங்காலத் தராசில் பதினாறு கிலோ.
செல்லாயி என்ற பேருக்கு நேராக எழுதினார்கள்.
ரொட்டியில் பாதி பிட்டுக் கொடுத்தாள்,
கட்டசம்பல் வைத்து.
நாங்கள் ஜெபிக்கவில்லை.
எரிப்பு தாங்காமல் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது,
அவளுக்கும் வந்தது,
அது எதனால் என்று நான் கேட்கவில்லை.

இப்படி நாலு நாள்.
ஊழியம் என்று எழுத உங்கள் கட்டங்களில் வழியில்லை.
விடுப்பு என்றே போட்டிருக்கிறேன்.
வராத சம்பளத்தில்
நாலு நாள் பிடித்துக்கொள்ளவும்.

அடுத்த படிவத்தோடு
ஒரு பிளாஸ்டிக் உறை அனுப்பினால் உதவி.
அட்டைக்குப் புகையிலை
இங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.
நாளை ஐந்தாம் நாள்.
அவள் கை இன்னும் நடுங்குகிறது.