நாலரை மணிக் கோடு

மேலே பூங்கா.
பெஞ்சில் யாரோ செருப்பைக் கழற்றிவிட்டுக்
காலை ஆட்டிக்கொண்டிருப்பார்கள்.
கீழே நான், ஏழாம் தொட்டி ஓரம்,
நீளக்கம்பு வாளியால் மாதிரி மொள்கிறேன்.
இடையில் புல், மண், கான்கிரீட்.

பந்தாய் டாலாமில் எனக்கு வேலை.
பெண் பார்க்க வந்தவர்களிடம்
"தண்ணீர் இலாகா" என்றார் அப்பா.
பொய்யில்லை.
ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பங்கு
தண்ணீர்தான்.
மீதி ஒரு பங்கை அவர் சொல்லவில்லை.
மாப்பிள்ளையின் அக்கா
என் கூந்தலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்,
மூச்சை இழுத்தாள்,
காபி ஆறிவிட்டதென்று எழுந்து போனாள்.

இந்த நகரத்தின் முகம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது.
திரையில் ஓடும் பச்சைக் கோடு தெரியும்.
நோன்பு மாதத்தில் அது நாலரைக்கே எழுந்துவிடும்:
சஹூர், பாத்திரம், குளியல்.
தீபாவளிக்கு முந்தின வாரம்
முறுக்குச் சுட்ட எண்ணெய்
சல்லடையில் வெள்ளையாய் உறைந்து நிற்கும்.
பந்தாட்ட இறுதியில், இடைவேளைக்கு
ஊரே ஒன்றாய் எழுந்துபோனது
அரைமணி பிந்தி எனக்குத் தெரியும்.
ராயாவுக்கு எல்லாரும் கம்பம் போய்விட
கோடு தரையோடு படுக்கும்.
அப்போது தொட்டியில் இருப்பவை பட்டினி.

இருப்பவை என்றால்:
காம்பு வைத்த மணிகள்,
வாயைச் சக்கரமாய்ச் சுழற்றும் துளிகள்,
எட்டுக் காலில் தள்ளாடும் குண்டுப்பயல் ஒருவன்.
நுண்ணோக்கியில் அவனைக் கண்டால்
ஸுல்கிப்லி சலாம் வைப்பார்.
"பாஸ்" என்று பேர்.

போன மார்ச்சில் ஒரு புதன்கிழமை
வரத்தில் நீலம் கலந்தது.
எந்தப் பட்டறை, எந்தச் சாக்கடை மூடி,
இன்றுவரை தெரியாது.
இரவு இரண்டுக்கு
ஆக்ஸிஜன் எண் ஏறத் தொடங்கியது.
காற்று மிச்சப்படுவது நல்லதுதானே என்பீர்கள்.
மூச்சுவிட ஆளில்லை என்று அர்த்தம்.

கண்ணாடித் தகட்டில்
மணிகள் காம்பறுந்து கிடந்தன.
பாஸைக் காணோம்.
ஸுல்கிப்லி மதகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
மதகுக்கு அப்பால் கிள்ளான் ஆறு,
தே தாரேக் நிறத்தில்,
யாரையும் குறை சொல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அடைத்தோம்.
விடியும்போது வேறொரு நிலையத்துச் சேறு
லாரியில் வந்தது. உயிருள்ள சேறு.
குழாயைப் பொருத்திக்கொண்டே டிரைவர் குணாளன் கேட்டான்:
"அங்கேயும் இதுதான், இங்கேயும் இதுதான்.
எதுக்குக்கா தூக்கிக்கிட்டு அலையிறோம்?"
பாலுக்கு உறை குத்துவது போல, என்றேன்.
அப்புறம் ஒரு மாதம்
அவன் தயிர் தொடவில்லையாம்.

பதினோராம் நாள் எண் இறங்கியது.
அவற்றுக்கு மூச்சு வர வர
எனக்கும் வந்தது.

ஷிஃப்ட் முடிந்து
வெளியேற்று வாய் வரை நடந்தேன்.
எங்கள் தண்ணீர் விழும் இடத்தில் மட்டும்
ஒரு பாய் அகலத்துக்கு அடி தெரிகிறது:
கூழாங்கல், பாட்டில் மூடி, யாருடைய வளையலோ.
பத்து எட்டு தள்ளினால் பழைய ஆறு.

கைபேசியில் ஸுல்கிப்லி அனுப்பிய படம்,
மங்கல், எட்டுக் கால்.
"பாஸ் வேலைக்கு வந்தாச்சு."

அந்தப் பாயகலத் தெளிவில்
ஒரு திலாப்பியா
நீரோட்டத்துக்கு முகம்கொடுத்து அசையாமல் நின்றது.
கரையில் ஓர் உடும்பு
அதையே பார்த்துக்கொண்டிருந்தது.
யார் பக்கம் நிற்பதென்று தெரியாமல்
நானும் கொஞ்ச நேரம் நின்றேன்.