ஙாவைனே எண்ணுகிறாள்

அவள் பெயர் ஙாவைனே.
நம் அரிச்சுவடியில் வேலையற்று உட்கார்ந்திருக்கும் எழுத்து
அத்தியு தீவில் ஒருத்தியைச்
சாப்பிடக் கூப்பிடுகிறது.

அக்டோபர். மழை விட்ட செவ்வாய்.
காப்பிச் செடிகளைத் தாண்டி
சேப்பங்கிழங்குச் சேற்றைத் தாண்டி
மகாத்தேயாவுக்குள் இறங்குகிறாள்.
ஒருகாலத்தில் கடலுக்கடியில் பவளமாயிருந்து
மேலே வந்து முள்ளாய் இறுகிப்போன பாறை அது.
செருப்பைத் தின்னும், அசந்தால் முட்டியையும்.

கையில் டார்ச்.
கழுத்துக் கயிற்றில் எண்ணும் பொறி,
கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்று கூடும்.
பையில் நோட்டும் பாதி பிஸ்கட் பொட்டலமும்.

ஆலவேர் தொங்கும் பிளவுதான் வாசல்.
பகல் அதுவரை கூடவே வந்து
அங்கே தயங்கி நின்றுவிடும்.

உள்ளே கோப்பேக்கா.
உள்ளங்கைக்குள் அடங்கும் சாம்பல் குருவி.
இந்த ஒரு தீவு, அதிலும் ஓரிரு குகை,
அதற்கு வெளியே அதற்கு உலகமில்லை.
பகலெல்லாம் காற்றிலேயே பூச்சி பிடிக்கும்.
கிளை என்பது என்னவென்று
அதன் கால்களுக்குத் தெரியாது.
மின்கம்பி, தகரக்கூரை, தேவாலயச் சிலுவை
எதையும் அது தொட்டதில்லை.
உட்கார்வதென்றால் இருட்டில் மட்டும்.

இருட்டுக்குள் நுழைந்ததும்
நாக்கால் தட்ட ஆரம்பிக்கும்.
டிக் டிக் டிக்.
சத்தம் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும்.
திரும்பி வந்ததை வைத்து
தன் கூடு எதுவென்று கண்டுபிடித்துக்கொள்ளும்,
எச்சிலும் நாரும் குழைத்து ஒட்டிய
ஒரு கைப்பிடிப் படுக்கையை.

ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு.
ஐம்பத்தெட்டாவது கூட்டில் ஒற்றை வெள்ளை முட்டை.
டார்ச் செத்தது.

மாற்று பேட்டரிகள்
நேற்றிரவு டிவி ரிமோட்டுக்குள் போயிருந்தன.

கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றே.
பயத்தில் கட்டைவிரல் பொறியை அழுத்திக்கொண்டேயிருந்தது.
டிக். டிக்.
தலைக்கு மேலே ஏதோ ஒன்று
பதில்போல டிக் என்றது. பதிலாக இருக்காது.

பிறகு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தாள்.
உச்.

அந்தச் சத்தம் அவளுக்குப் புதிதல்ல.
பூத்தேரே ஆக்லாந்துக்குப் போய்
குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து
போன் அழைப்புகள் வாரத்திலிருந்து மாதத்துக்கு நழுவி
பிறகு அதுவும் நின்ற வருடம்
ஊரே அவளுக்கு உச்சுக் கொட்டியது.
ஞாயிறு ஜெபம் முடிந்த வாசலில்.
சேற்று வரப்பில்.
கடையில் அவள் ஒற்றை மாட்டிறைச்சி டப்பா எடுக்கையில்
கல்லாவிலிருந்து அக்காயினு.
ஒவ்வொரு உச்சுக்கும்
ஒரு சுவர் நெருங்கி வந்தது.

இப்போது தன் வாயாலேயே.
உச்.
இடப்பக்கம் சட்டெனத் திரும்பி வந்தது.
கழுத்தைத் திருப்பி, உச்.
வலப்பக்கம் போனது போனதுதான்.

உண்மையில் கேட்டாளா
கேட்டதாக நினைத்தாளா
எனக்குத் தெரியாது, கேட்டால் அவளும் தோள் குலுக்குவாள்.
திரும்பி வராத பக்கமாகத் தவழ்ந்தாள்.
முட்டி கிழிந்தது.
பக்கத்தில் தேங்காய் நண்டொன்று
குஞ்சு எதாவது விழுமா என்று காத்திருந்து
இவ்வளவு பெரிய குஞ்சைக் கண்டு விலகியது.
கன்னத்தில் சிறகுக் காற்று, இரண்டு முறை,
ஒருமுறைகூட மோதவில்லை.

கையில் ஆலவேர் தட்டியது.
வேரின் மறுமுனையில்
நின்ற இடத்திலேயே நின்றிருந்தது பகல்.

பொறியில் எழுபத்தொன்று.
வெகுநேரம் அதைப் பார்த்தாள்.
நோட்டில் எழுதினாள்:
கூடுகள் 58. மீதிச் சுவருக்கு மறுபடி வர வேண்டும்.
பதின்மூன்று, கூடல்ல.
தலைநகரில் இதை வாசிக்கும் அதிகாரி
என்ன நினைப்பாரோ என்று அடிக்கப் போனவள்
அப்படியே விட்டாள்.

மறுநாள் கடையில்
அவள் முட்டிக் கட்டைப் பார்த்து
அக்காயினு உச்சுக் கொட்டினாள்.
ஙாவைனே தலையைக் கொஞ்சம் சாய்த்து
அந்த ஒலி எதில் பட்டுத் திரும்புகிறதென்று கேட்டாள்.
அரிசி மூட்டைகள். குளிர்பெட்டி.
அதற்கப்புறம் ஒன்றுமில்லை, கதவு.

"பேட்டரி நாலு" என்றாள்.
"இல்லை, எட்டு."