இரண்டு தளங்களுக்கு நடுவில்

கட்டிலின் தலைமாட்டில்
காலுக்கு இரண்டு செங்கல் வைத்தேன்,
ஓட்டேரியில் இடித்த சுவரிலிருந்து பொறுக்கியவை.
டாக்டர் சொன்னது அரையடி.
மட்டம் வைத்துப் பார்த்தேன், தொழில் புத்தி.

நான் லிஃப்ட் மெக்கானிக்.
குடியிருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை.
ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ரெனிட்டாவை
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து
நானும் கீழ்வீட்டு தஸ்தகீரும் தூக்கினோம்.
பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றபோது
"பார்த்தியாப்பா, நானும் மாட்டிக்கிட்டேன்" என்றாள்.
பதினைந்து வயது. முப்பத்தோரு கிலோ.

ஒன்றரை வருடம் அப்படித்தான்.
சோறு நடுநெஞ்சில் நின்றுவிடும்.
தண்ணீர் குடித்தால் அதுவும் அதன்மேல் நிற்கும்.
ஸ்கூலில் சாப்பாட்டைக் காக்காய்க்குக் கொட்டிவிட்டு
கழுவிய டப்பாவைக் கொண்டுவருவாள்.
ஒல்லியாகணும்னு கொழுப்பு என்று
நான்தான் கத்தினேன்.
அதை எந்த வடிகட்டியில் வடிப்பது?

உணவுக்குழாயின் அடிவாய்த் தசையை
வெட்டித் தளர்த்தியிருக்கிறார்கள்.
வயிற்றில் ஐந்து சின்னத் தையல்.
ஃப்ரிட்ஜ் கதவில் ஸ்டெல்லாவின் கையெழுத்து:
இளஞ்சூடு மட்டும். ஸ்ட்ரா வேண்டாம்,
காற்றும் கூட இறங்கும்.
சாப்பிட்டதும் படுக்கக் கூடாது.
கடைசி வரி எனக்கு: அவசரப்படுத்தாதே.

அவள் கிண்டிக்கு வேலைக்குப் போனபின்
மிக்ஸியும் நானும்.
இட்லியை ரசத்தில் ஊறவைத்து அரைத்து
டீ வடிகட்டியில் ஸ்பூனால் தேய்ப்பேன்.
முதல் நாள் ஒரு கடுகு தப்பிவிட்டது.
ஒரே ஒரு கடுகு.
அவள் முகம் வெளுத்ததைப் பார்த்து
கடைக்கு ஓடி
கண் நெருக்கமான வடிகட்டி வாங்கிவந்தேன்.

எதிரில் உட்கார்ந்து
ஒவ்வொரு வாய்க்கும் அவள் தொண்டையையே பார்ப்பேன்,
ரோப் ஓடுகிறதா என்று பார்ப்பதைப் போல.
"இறங்கிச்சா?"
"ம்."
"இப்போ?"
நான்காம் நாள் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.
"நீ பார்த்தா இறங்க மாட்டேங்குதுப்பா."

அண்ணாநகரில், கீழ்ப்பாக்கத்தில்
நடுவில் நின்றுபோன லிஃப்டுக்கு வெளியே
இருபது வருடமாக நான் செய்வது
பேச்சுக் கொடுப்பது.
கதவை நெம்பாதீங்க சார். சொந்த ஊர் எது?
அங்கே மழையா?
மேலே மோட்டார் ரூமில் என் ஆள்
பிரேக்கைத் தளர்த்தி
கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பான்.
ஊர்ப்பெயர் சொல்லி முடிப்பதற்குள்
தளம் வந்திருக்கும்.

இது வீட்டில் எனக்குத் தோன்ற
நான்கு நாள் ஆகியிருக்கிறது.

நாற்காலியைத் திருப்பி
அவள் பக்கத்தில் போட்டேன்.
அதே கூழ் எனக்கும் ஒரு கிண்ணம்.
வாயில் வைத்ததும் தெரிந்தது, உப்பே இல்லை.
நாலு நாளாக அவள் சொல்லவில்லை.

இருவரும் ஜன்னலைப் பார்த்தோம்.
தண்ணி லாரி வந்து நின்றது.
எதிர் மாடியில் காயும் பச்சை லுங்கி
வீட்டுக்காரருடையதா, மருமகனுடையதா என்று
சண்டை போட்டோம்.
சைட்டில் மாடிப்படியில் உட்கார்ந்து
நான்கு நிமிடத்தில் டிபன் முடிக்கிறவன் நான்.
நாற்பது நிமிடம் ஆயிற்று.

ராத்திரிகளில் வயிற்றில் வாயு முட்டும்.
மேலே வர வழி தெரியாத காற்று.
மொட்டைமாடியில் அவளை நடக்கவைப்பாள் ஸ்டெல்லா,
டேங்கிலிருந்து டேங்குக்கு,
தெருமுனை பரோட்டாக் கல்லின் வாசனைக்கு நடுவே.
"அதை மட்டும் நிறுத்தச் சொல்லும்மா."

மூன்றாம் வாரம், சனிக்கிழமை,
முட்டை கஸ்டர்டுக்குப் பிறகு
ஒரு ஏப்பம்.
லாரி டிரைவர் விடுகிற மாதிரி.
குளித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா
சோப்பு நுரைத் தலையோடு கதவைத் திறந்து
"யாரு?" என்றாள்.
ரெனிட்டா கையைத் தூக்கினாள்,
அட்டெண்டென்ஸுக்குத் தூக்குவதைப் போல.
சிரித்தால் தையல் வலிக்கும் என்று
வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

மறுநாள் ஃப்ரிட்ஜில்
ஸ்டெல்லாவின் கடைசி வரிக்குக் கீழே
வேறொரு கையெழுத்து:
பரோட்டா, ஜனவரி?
ஒன்றும் பேசாமல்
பூசணிக் கூழோடு உட்கார்ந்தோம்.
பச்சை லுங்கி இன்றைக்கும் காய்ந்தது,
கூடவே ஒரு நீலம்.
அவள் எழுந்து போய்க் கிண்ணத்தைக் கழுவினாள்.
என்னுடையதில்
இன்னும் பாதி இருந்தது.