இரவல் மோட்டார்

மிஷிகனின் வடகோடி. மார்ச்சிலும் பனி
கார்களின் கண்ணாடிவரை.
உடற்பயிற்சிக் கூடத்தில் எங்கள் ரோபோவின் வலக்கை
மறுபடி சண்டித்தனம்.
மல்லாந்து படுத்துக் கம்பி பற்றவைக்கிறான்
அல்ஜீப்ராவில் தேறாத ஈனோ.

நான் திருகாணிகளின் கணக்குப்பிள்ளை.
பெட்டிகளில் பெயர் ஒட்டுவதும் நானே:
‘உதிரி மோட்டார். ஒன்றே ஒன்று. தொடாதே.’

அரையிறுதிக்கு ஆறு நிமிடம்.
விரலெல்லாம் கிரீஸோடு வந்து நின்றாள் ஒருத்தி.
அவர்கள் மோட்டார் புகைந்துவிட்டதாம்.
அடுத்து மோதப்போவதே
அவர்களோடுதான்.

டெல்ஃபின் என்னைப் பார்த்தாள்.
நான் பெட்டியைப் பார்த்தேன்.
என் கையெழுத்தே என்னை முறைத்தது.
கொடுத்தோம்.

நாலு புள்ளியில் தோற்றோம்.
அவர்கள் ரோபோவுக்குள் எங்கள் மோட்டார்
என்னமாய்ச் சுழன்றது!
முதலில் கைதட்டியவன் ஈனோ.
“பல்சக்கரத்துல என்னமோ பண்ணியிருக்காங்கடா!”

பேருந்து உறுமும்போது ஓடிவந்து தந்தாள்,
காகிதத் துண்டில் சுற்றி.
சூடு ஆறியிருக்கவில்லை.
கையுறை கழற்றி முறைவைத்துப் பிடித்தோம்
இஷ்பெமிங் தாண்டும்வரை.

ஈனோவுக்கு அதெல்லாம் வேண்டாம்.
ஆவி படிந்த ஜன்னலில்
அவர்கள் பல்சக்கர விகிதத்தைத் தேடி
விரலால் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தான்.
எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று,
நடுவில் சமக்குறி.

அது அல்ஜீப்ரா என்று
யாரும் அவனிடம் சொல்லவில்லை.