மூன்று சிரட்டை

மிதிக்கப் போன காலை இழுத்துக்கொண்டேன்.
கீரிப்பாறைக் கூப்பு, வெளுப்பாங்காலம்,
நெற்றி விளக்கின் வட்டத்துக்குள்
ஐந்து ரூபாய்த் துட்டளவு சிவப்பு,
பாறைக் கசிவோடு ஒட்டிக் கிடந்தது.
இலை முழுக்க முடி. ஒவ்வொரு முடி நுனியிலும் நீர்.
பனி என்று நினைத்தேன்.
வெயில் ஏறி, மரமெல்லாம் பால் நிறுத்தி,
நான் வாளியோடு திரும்பி வரும்போதும்
அது காயவில்லை.
ஒரு கொசு அதில் கால் மாட்டி
வேலையை விட்டிருந்தது.

அழுகண்ணி என்றாள் கூட வெட்டுகிற ஜெசிந்தா.
மருந்துக்குப் பறிப்பார்களாம்.
எந்த நோவுக்கு என்று அவளுக்கும் தெரியாது.

பறிக்கவில்லை. ஒரு காயை மட்டும் உதிர்த்து,
மூக்குப்பொடி போல இருந்த விதையைக்
கூலிச்சீட்டில் மடித்துக்கொண்டேன்.

தடிக்காரன்கோணத்து வீட்டில்
பால் பிடித்துக் கறுத்த சிரட்டை மூன்று.
ஒரே மணல், ஒரே காய்.

ரப்பர் நிழலில் வைத்தது
காம்பை நீட்டி நீட்டி வெளிறியது,
கடைசி பஸ்ஸை எட்டிப் பார்க்கிறவள் கழுத்து மாதிரி.

கிணற்று மதிலில் வெயில் தின்றது
இலைமேல் இலை அடுக்கி
ஒரு பொட்டாய்ச் சுருங்கிச் சிவந்தது.

மூன்றாவது, நான் உரச்சாக்கு கழுவும் மூலையில்.
நாலைந்து கருகிப் போயின.
தப்பின ஒன்று கொழுத்தது பாருங்கள்,
கீரை மாதிரி, பச்சையாய், அகலமாய்.
முடி இருந்தது. நீர் இல்லை.
கொசு வந்து உட்கார்ந்து
இறக்கை துடைத்துப் பறந்து போயிற்று.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள்.
பால் குடித்த பிள்ளைக்கு
அழுகை மறந்து போவதை
எவரும் சொல்லி வைக்கவில்லை.
இதை இனி என்ன பேர் சொல்லிக் கூப்பிட?
"பேரு கெடக்கட்டும், ஒரு நேரமாவது
வயிறு நெறஞ்சுதே" என்றாள் ஜெசிந்தா.
அவளுக்கு அந்த மாதம் போனஸ் வரவில்லை.

தையில் பாசி ஏறி அதை மூடியது,
அதற்குள் ஒரு வெள்ளைப் பூவும் ஒரு காயும்.
அந்த விதையைத் திரும்பப் பாறையில் தூவினேன்.
கோடை போயிற்று. இரண்டு மழையும் பெய்தது.

கார்த்திகையில் குனிந்து பார்த்தேன்.
துட்டளவு சிவப்பு.
தாயின் கொழுப்பு, அகலம், பச்சை
ஒன்றும் எடுத்து வரவில்லை.
எல்லா முடியிலும் நீர்.

பக்கத்தில் ஒரு எறும்பு
மீசையை முன்னால் நீட்டி
நின்றது,
நகர்ந்தது.
எனக்கு இன்னும் முந்நூறு மரம் பாக்கி.