நூற்று முப்பத்தேழு

விடிய மூன்று நாற்பதுக்குச் செத்தது.
நேற்றும் அதே நேரம். முந்தநாளும்.
திருக்கடலூரில் வள்ளங்கள் கரைதட்டி
ஏலச்சீட்டு எல்லாம் ஒரேயடியாய்
உள்ளே வந்து விழுகிற நேரம்.

பதிவேட்டின் கடைசி வரி:
பாரை, முப்பத்திரண்டு கிலோ, உரியவர்
அதோடு நிற்கிறது.
பிழைச்செய்தி இல்லை, முனகல்கூட இல்லை.
கேர்னல் ஒன்பதாம் சைகையை விட்டால்
வாய் திறக்க நேரமில்லை.
போகிற போக்கில் வாசலில் ஒரு எண்ணைப்
போட்டுவிட்டுப் போயிருக்கிறது:
நூற்று முப்பத்தேழு.

"பிள்ளை, உங்கட மெஷின் திரும்பவும் படுத்திட்டுது"
என்கிறார் சங்கத்துக் கணக்கர் சகாயராசா.
அவருக்குப் பின்னால் ஐஸ் உடைக்கிற சத்தம்.

ஓர்ஸ்ஹில்லில் என் அறை.
மின்விசிறி சுடுகாற்றைக் கிளறுகிறது.
ஜன்னலுக்குக் கீழே புள்ளிமான்கள்
நகரசபை வண்டி வருமுன்
குப்பைப் பைகளைக் கிழித்துக்கொண்டு நிற்கின்றன.

ரன்டைமிடம் கேட்டேன், உனக்கு எவ்வளவு இடம்?
அறுபத்துநாலு ஜிபி என்றது, கூச்சமே இல்லாமல்.
நான் கொடுத்திருந்தது ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்பி.
கண்டெய்னரின் சுவர் அதன் கண்ணில் படவில்லை.
வெளியே நிற்கும் பெரிய இயந்திரத்தைப் பார்த்திருக்கிறது;
உள்துறைமுகத்தின் ஆழமெல்லாம் தன்னுடையதென்று
தோணிக்குள் கால் நீட்டிப் படுத்தவன் மாதிரி.
சீனன்குடாக் காட்டுக்குள்ளே எண்ணெய்த் தாங்கிகள்
எத்தனையோ வெறுமையாய் நிற்கின்றன,
அதற்காக என் மண்ணெண்ணெய்க் கேன் பெருக்குமா?

குப்பை கூட்டுகிறவன் உள்ளேதான் இருந்தான்.
சோம்பேறி இல்லை. அவசரம் என்று யாரும் சொல்லவில்லை.
நாலில் ஒரு பங்கு, பதினாறு ஜிபி வரை போகலாமே,
பிறகு பார்ப்போம் என்று
விளக்குமாற்றை மூலையில் சாத்தியிருந்தான்.

அன்றிரவு ஹீப்பின் உச்சத்தைச்
சரியாய் ஐந்நூற்றுப் பன்னிரண்டில் கட்டினேன்.
செத்தது.
கின்னியாவிலிருந்து நிஸ்மியா சிரித்தாள்:
"அறை முழுக்கக் கட்டிலைப் போட்டுட்டு
எங்கடி நடக்கிறது?"
ஒவ்வொரு திரெட்டுக்கும் அதனதன் அடுக்கு,
வகுப்புகளின் விபரம், சுடச்சுட மொழிபெயர்த்த குறியீடு,
வலைக்கு ஒதுக்கிய பஃபர்.
ஹீப்பின் கணக்கில் இவை வராது.
கேர்னலின் கணக்கில் வரும்.

அடுத்த இரவு இருநூறுக்கு இறுக்கினேன்.
சாகவில்லை. அதைவிட மோசம்.
கூட்டுகிறான், கூட்டுகிறான்,
ஒரு சீட்டு உள்ளே வர நாலு தரம் கூட்டுகிறான்.
யாராவது ஒருவர் கையில் நூல் இருந்தால்
அந்தப் பொருளைத் தொடமாட்டான்.
மான் அப்படி இல்லை, அது எதையும் தின்னும்.
இவன் நேர்மையானவன்,
ஆகவே எடுக்க ஒன்றுமில்லாத தரையைத்
திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தான்,
வரிசையில் பாரையும் சூரையும் நாறிக் கிடக்க.

கடைசியில் எழுபது வீதம்.
எந்தச் சுவருக்குள் விட்டாலும்
அந்தச் சுவரைத் தொட்டு அளந்துகொள் என்று
ஒரே ஒரு வரி.
மிச்ச முப்பதில் என்னென்ன கிடக்கிறதென்று
எனக்கு முழுக்கத் தெரியாது. நிஸ்மியாவுக்கும்தான்.
விட்டுவைத்தோம்.

மூன்று நாற்பது. கோடு ஏறுகிறது.
அரிவாள் பல்லாய் இறங்குகிறது. ஏறுகிறது.
மூன்று ஐம்பத்தைந்து.
தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.

ஏழு மணிக்குச் சகாயராசா எடுத்தார்.
"இப்ப நல்லா ஓடுது. ஒரு விசயம் பிள்ளை,
திங்கள் விடிய அந்த முப்பத்திரண்டு கிலோ பாரை,
மூண்டு பேர் தங்கட எண்டு வந்து நிக்கினம்.
உள்ளுக்க எங்கயாவது கிடக்குமோ பேர்?"

கிடக்காது என்று சொல்ல
எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.